வெயிலைவிடத் தழும்பைக் கவனியுங்கள்

சித்திரைத் திருவிழா முடிந்து கறுத்துப்போய் வருகிறவர்கள், "டாக்டர், இந்த வெயிலுக்குத் தோல் புற்றுநோய் வருமா?" என்று கேட்பதுண்டு. நம் தோலில் உள்ள மெலனின் நிறமி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். ஆஸ்திரேலிய வெள்ளையரிடம் சாதாரணமாகக் காணும் இந்த நோய் மதுரைப் பக்கம் குறைவாக இருப்பது அதனால்தான். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. முழுக்கைச் சட்டை, தொப்பி இல்லாமல் அவர்கள் வெயிலில் இறங்கக் கூடாது.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது பழைய தழும்பை. சின்ன வயதில் அடுப்பிலோ பட்டாசு மருந்திலோ வெந்த இடம், முழங்கால் மடிப்பில் இறுகிப்போய், வெடிப்பதும் ஆறுவதுமாக இருக்கும். இருபது முப்பது வருடம் கழித்து அங்கே ஒரு புண் வரும். இந்த முறை ஆறாது. ஓரம் தடிக்கும், காலிஃபிளவர் மாதிரி சதை வளரும், துணி பட்டாலே ரத்தம் கசியும், வாடை அடிக்கும். இது ஸ்குவாமஸ் செல் புற்று. தொழுநோய்ப் புண்ணிலும், நரம்புச் சுருட்டலால் கணுக்காலில் வரும் நாள்பட்ட புண்ணிலும் இது வரலாம்.

இடுப்பையும் பாருங்கள். வேட்டியை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டியவர்களுக்கு அங்கே புற்று வந்ததை, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் கனோல்கரும் சூர்யாபாயும் 1945லேயே எழுதிவிட்டார்கள். உள்பாவாடை நாடாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அகலப் பட்டை வைத்துத் தையுங்கள்; தளர்த்திக் கட்டுங்கள்.

மெலனோமா அரிது, ஆனால் சீக்கிரம் பரவும். நம் நிறத்தவருக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது அதிகம். பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால்விரலில் தொடங்கிய மெலனோமாவால்தான். உள்ளங்காலில் பரவும் கறுப்பைக் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவாதீர்கள்.

மூக்கோரத்தில், இமையில் மினுமினுக்கும் விளிம்போடு மெல்ல வளர்வது பேசல் செல் புற்று. வேறிடத்துக்குப் பரவுவது அபூர்வம். இருக்கும் இடத்தை அரித்துவிடும். இமைக்கட்டி எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால், அதைக் கட்டாயம் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது இமைச் சுரப்பியின் புற்றாகவும் இருக்கலாம்.

பயாப்சி என்றதும், "கத்தி பட்டா பரவிரும்ல?" என்று எழுந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரவாது. மரப்பு ஊசி போட்டு ஒரு துணுக்குச் சதை எடுப்பார்கள், அவ்வளவுதான். நோயைப் பரவ விடுவது, மாதக்கணக்கில் மஞ்சளும் களிம்பும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

நான்கு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் அரசு இராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள். பழைய சீட்டுகளையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.