மண் பாதையில் ஓடும் சிறு லாரி

வானொலி அலையால் இயக்கப்படும் சிறு லாரி சிமெண்டுத் தரையில் சீராக ஓடும். செம்மண் பாதையில் விட்டாலோ துள்ளும், வளைவில் கவிழும். உடனே நாம் வண்டியைப் பழிக்கிறோம். காரணத்தை ஆராய்வோமா?

1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் டமியா நிறுவனம் 'ரஃப் ரைடர்' என்னும் மண்பாதை வண்டியை உதிரிப் பாகங்களாக விற்றது. வாங்கியவரே அதைப் பூட்டினார். பூட்டத் தெரிந்தவருக்குத் திருத்தவும் தெரியும்.

எடை உயரத்தில் இருந்தால் வண்டி எளிதில் கவிழும். ஆகவே மின்கலத்தை இயன்ற அளவு தாழ்வாகப் பொருத்துவோம். சுருள்வில் மிகவும் விறைப்பாக இருந்தால் சக்கரம் மேட்டில் மோதித் தரையை விட்டு எழும். எழுந்த சக்கரத்திற்குப் பிடிப்பில்லை. சற்றே மென்மையான வில் நன்று. மேட்டைத் தாண்டிய பின்னும் வண்டி ஆடிக்கொண்டிருந்தால், அதிர்வுத் தாங்கியில் சற்றுக் கெட்டியான எண்ணெய் இடுவோம். புழுதி மண்ணுக்கு நீண்ட முள் டயரும், இறுகிய மண்ணுக்குக் குட்டை முள் டயரும் ஏற்றவை.

ஒன்றை மறவாதிருப்போம்: ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டை ஒருசேர மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்று அறியோம். ஒவ்வொரு முறையும் அதே பாதையில் ஓட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவோம்.

கணக்குத் தவறும்போதும், மிதிவண்டி பழுதாகும்போதும் இவ்வாறே ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணத்தைக் காண்போம்.