பிக்கப்புக்கு ஒன்றரை லட்சத்துல கேனபி: வாங்கலாமா? கொல்லிமலையில கத்துக்கிட்ட கணக்கு



ஒரு ராத்திரி மழையில நனைஞ்சதுக்காக ஒன்றரை லட்சம் ரூபாய் செலவு பண்ணுவீங்களா? "சே, யாராவது பண்ணுவாங்களா"ன்னு இப்ப சிரிப்பீங்க. ஆனா நனைஞ்ச மறுநாள் காலையில கேட்டா பதில் வேற மாதிரி வரும். என் நண்பர் ஒருத்தருக்கு அப்படித்தான் வந்தது. பக்கத்துல இருந்த நானும் முதல்ல "வாங்கிடுப்பா"ன்னுதான் சொன்னேன்.

அந்தக் கதையையும், அதுல இருந்து எடுத்த கணக்கையும்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம். உங்ககிட்ட பிக்கப் வண்டி இல்லைன்னாலும் படிங்க. கேமரா, பைக், டிரெட்மில்னு ஆசைப்பட்டு வாங்குற எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

முதல்ல, கேனபின்னா என்ன?

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளுக்குப் பின்னாடி திறந்த தொட்டி இருக்கும் இல்லையா? அந்தத் தொட்டிக்கு மேல மாட்டுற மூடிதான் கேனபி. அமெரிக்காவுல டாப்பர்னு சொல்வாங்க. ஃபைபர்லயோ தகட்டுலயோ செஞ்சிருப்பாங்க, பக்கவாட்டுல கண்ணாடி, பின்னாடி பூட்டுற கதவு இருக்கும். உள்ள மெத்தையைப் போட்டா ஒரு குட்டி ரூம். யூடியூப்ல பார்த்தா ஆசை வராம இருக்காது.

அந்த மழை ராத்திரி

நண்பருக்கு 29 வயசு, கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலை. பழைய வி-கிராஸ் ஒண்ணு லோன்ல வாங்கியிருந்தார். போன அக்டோபர்ல அவரும் அவர் மனைவியும், நானும் என் மனைவியுமா கொல்லிமலைக்குக் கிளம்பினோம். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சோளக்காடு சந்தையில அன்னாசிப்பழம் வாங்கிக்கிட்டு, செம்மேடு பக்கத்துல ஒரு தனியார் தோட்டத்துல டென்ட் போட்டோம்.

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும்னு தெரியும். இருந்தாலும் "பார்த்துக்கலாம்"ங்கிற தைரியம். ராத்திரி பதினோரு மணிக்குப் பிடிச்ச மழை விடியிற வரைக்கும் விடலை. எங்க டென்ட் 2,500 ரூபாய்க்கு ஆன்லைன்ல வாங்கினது, தையல் வழியா தண்ணி சொட்டிச்சு. கடைசியில நாலு பேரும் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டே தூங்கினோம். தூங்கினோம்னு சொல்றது கூட பொய்தான்.

காலையில ஆகாய கங்கைக்குப் போற திட்டம் கேன்சல். நண்பர் மொபைலை எடுத்து, முன்னாடியே வாங்கி வச்சிருந்த ஒரு கொட்டேஷனைக் காட்டினார். ஃபைபர் கேனபி, ஃபிட்டிங், வரி எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய். "பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா இருக்கு. இன்னைக்கே போட்டுடலாம்னு இருக்கேன்"ன்னார்.

நாமக்கல்ல ஒரு கேள்வி

மலை இறங்கினா நாமக்கல். லாரி பாடி கட்டுறதுக்குப் பேர் போன ஊர். "ஃபைபருக்குப் பதிலா இங்கயே தகட்டுல பண்ணா எவ்வளவு ஆகும்னு கேட்டுப் பார்ப்போமே"ன்னு ஒரு பட்டறையில நிறுத்தினோம். அங்க இருந்த பெரியவர் வண்டியைச் சுத்தி வந்தார். டேப் எடுத்து தொட்டியை அளந்தார். "அறுபதாயிரத்துல முடிச்சுடலாம்"ன்னார். நண்பர் முகத்துல பல்பு எரிஞ்சுது.

அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். "தம்பி, ஒரு தடவை உள்ள ஏறிப் படுத்துப் பாருங்க."

நண்பர் ஏறிப் படுத்தார். பாதம் வெளியில தொங்குது! நாலு கதவு இருக்கிற பிக்கப்ல தொட்டி நீளம் சுமாரா அஞ்சு அடிதான். இவர் உயரம் அஞ்சே முக்கால் அடி. நேரா நீட்டிப் படுக்கணும்னா பின் கதவைத் திறந்து வைக்கணும், திறந்து வச்சா மழைச் சாரல் கால்ல அடிக்கும். குறுக்கால படுத்தா ஒருத்தர் சமாளிக்கலாம். ரெண்டு பேருக்கு வழியே இல்லை, ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கான மேடு வேற இருக்கு.

பெரியவர் சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணும் கேட்டார். "லாரிக்காரர் எங்கிட்ட பாடி கட்ட வந்தா, மாசம் எத்தனை நடை ஓடும்னு கணக்கு போட்டுட்டுத்தான் வருவார். நீங்க வருஷத்துக்கு எத்தனை நடை தம்பி?"

நண்பரால பதில் சொல்ல முடியலை. எனக்கும் சுருக்குன்னுச்சு. வாராவாரம் வீடியோவுல கணக்கு பேசுறவன் நான், இந்தக் கேள்வியை நான்தானே முதல்ல கேட்டிருக்கணும்?

சரி, கணக்குக்கு வருவோம்

ஃபார்முலா ரொம்ப சிம்பிள்.

ஒரு ராத்திரிச் செலவு = (வாங்குற விலை − திரும்ப விற்கிற விலை + கடன் வட்டி + பராமரிப்பு) ÷ மொத்த ராத்திரிகள்

நண்பர் முந்தின ஒரு வருஷத்துல வெளியில தங்கின ராத்திரிகளை கூகுள் போட்டோஸைப் பார்த்து எண்ணினோம். அவர் நினைச்சுக்கிட்டு இருந்தது "ஒரு பதினஞ்சு இருக்கும்". இருந்தது 6. இந்த இடத்துல மட்டும் ஞாபகத்தை நம்பாதீங்க நண்பர்களே, போட்டோவை நம்புங்க.

இப்ப அஞ்சு வருஷத்துக்குக் கணக்கு போடுவோம். இதுல விலைகள் எங்களுக்கு வந்த கொட்டேஷன், மத்தது நாங்க போட்ட தோராயம். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

வழி 1: ஃபைபர் கேனபி, கடன்ல
- விலை: 1,50,000
- அஞ்சு வருஷம் கழிச்சு விற்றா: 40,000 (அதே மாடல் வண்டி வச்சிருக்கிறவர்தான் வாங்க முடியும், அதனால அதிகமா எதிர்பார்க்காதீங்க)
- 14% வட்டி, 36 மாசம்: இ.எம்.ஐ. சுமார் 5,127. வட்டி மட்டும் சுமார் 34,500
- ரப்பர், பூட்டு, சின்னச் சின்ன ரிப்பேர்: 10,000
- மொத்தம் 1,54,500. வருஷத்துக்கு 30,900
- 6 ராத்திரின்னா, ஒரு ராத்திரிக்கு 5,150 ரூபாய்

வழி 2: பட்டறையில தகட்டுக் கேனபி, கைக்காசுல
- விலை 60,000, கடைசியில இரும்பு விலைக்குப் போட்டா 10,000, பெயின்ட், துரு வேலைக்கு 15,000
- மொத்தம் 65,000. வருஷத்துக்கு 13,000
- ஒரு ராத்திரிக்கு சுமார் 2,170 ரூபாய்

வழி 3: நல்ல டென்ட், மழை வந்தா ரூம்
- தண்ணி இறங்காத டென்ட், மேல கட்ட தார்ப்பாய், பாய் எல்லாம் சேர்த்து 16,000. நாலு வருஷம் வரும்னு வச்சா வருஷத்துக்கு 4,000
- மூணு ராத்திரிக்கு ஒரு ராத்திரி மழைன்னு வச்சுக்கிட்டு, அன்னைக்கு 2,000 ரூபாய்க்கு ரூம்: 2 ராத்திரிக்கு 4,000
- வருஷத்துக்கு 8,000. ஒரு ராத்திரிக்கு சுமார் 1,330 ரூபாய்

தோட்டத்துக்காரருக்குக் கொடுக்கிற இட வாடகை கேனபிக்கும் டென்ட்டுக்கும் ஒண்ணுதான், அதனால சேர்க்கலை.

அப்போ வழி 1 எப்ப லாபம்? மூணாவது வழியில ஒவ்வொரு ராத்திரிக்கும் சராசரியா 667 ரூபாய் ரூமுக்குப் போகுது. அதோட டென்ட்டுக்கு வருஷம் 4,000. இது 30,900-ஐத் தொடணும்னா வருஷத்துக்கு 40 ராத்திரி வெளியில தங்கணும். வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. அதுல 40, அதாவது அஞ்சுல நாலு சனிக்கிழமை மலையில இருக்கணும். ரிலீஸ் வேலை, சொந்தக்காரங்க கல்யாணம், காய்ச்சல், மாமியார் வீடு எதுவுமே இருக்கக் கூடாது. நடக்கிற காரியமா?

கடன் இல்லாம கைக்காசுன்னா 40 இல்லை, 30 ராத்திரி. ஆனா கைக்காசுக்கு வட்டியே இல்லைன்னு நினைக்காதீங்க. அதே 1,50,000 ரூபாய் 7% எஃப்.டி.யில இருந்தா முதல் வருஷம் மட்டும் 10,500 ரூபாய் வந்திருக்கும்.

"அப்போ பட்டறைக் கேனபி ஓகேதானே?"

இதே கணக்குல அதுக்கு 14 ராத்திரி போதும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கால்குலேட்டர்ல வராத ரெண்டு விஷயம் இருக்கு.

முதலாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில இருக்கிறதுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு பிரிவு 182ஏ-வை மாத்தினாங்க. அதனால தகடு, வெல்டிங்னு இறங்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க.

ரெண்டாவது, இன்சூரன்ஸ். வண்டியில எதைக் கூடுதலா மாட்டினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லி, பாலிசியில சேர்க்கணும். சொல்லாம மாட்டிட்டு, 70 வளைவுல எங்கயாவது ஒரு இடிபாடு ஆச்சுன்னா, "நீங்க வண்டியை மாத்தியிருக்கீங்க"ன்னு சொல்லி கிளெய்மை நிறுத்த அவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சுடும். 90,000-ஐ மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்குல கைவிட்டுப் போகலாம்.

அமெரிக்க வீடியோ நமக்கு ஏன் பொருந்தாது?

அங்க பிக்கப் சாதாரண குடும்ப வண்டி. நிறைய தேசியக் காடுகள்ல குறிப்பிட்ட நாள் வரைக்கும் இலவசமாவே வண்டியை நிறுத்தித் தங்கலாம். அதனால டாப்பர் வாங்கினா அவங்களுக்கு ரூம் வாடகை முழுசா மிச்சம். நம்ம ஊர்ல ரிசர்வ் ஃபாரஸ்ட்ல வனத்துறை அனுமதி இல்லாம ராத்திரி தங்க முடியாது. கொல்லிமலையிலயும் தனியார் தோட்டம், ரிசார்ட்னு காசு கொடுத்துத்தான் தங்கணும். பொருள் ஒண்ணுதான், ஆனா அங்க மிச்சமாகுற பணம் இங்க மிச்சமாகாது.

யார் வாங்கலாம்?

கேனபியே தப்புன்னு நான் சொல்லலை. கல்யாண போட்டோகிராபி பண்றவர், சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கிறவர், சாமானைப் பூட்டி மழை படாம எடுத்துட்டுப் போகணும்னு தினமும் தேவை இருக்கிறவர், இவங்களுக்கு வருஷத்துக்கு 200 நாள் உபயோகம். கீழ வகுக்கிற எண் 200 ஆனா, ஒரு நாள் செலவு 155 ரூபாய்க்கும் கீழ வந்துடும். தாராளமா வாங்கலாம். சட்டம், இன்சூரன்ஸ் ரெண்டையும் முடிச்சுட்டு வாங்குங்க.

சம்பளக்காரங்க ஆசைப்பட்டா, இந்த மூணு படியைத் தாண்டுங்க:

1. போன வருஷ போட்டோவைப் பார்த்து, உண்மையான எண்ணிக்கையை எழுதுங்க.
2. வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்தோ, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டோ ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. குறைஞ்சது டேப் எடுத்து அளந்தாவது பாருங்க.
3. கடன் வாங்கித்தான் முடியும்னா, அந்த இ.எம்.ஐ. எதை நிறுத்தப் போகுதுன்னு பேர் சொல்லி எழுதுங்க.

மூணாவது படியிலதான் நண்பர் நின்னார். கையில வர்ற சம்பளம் 58,000. வண்டி இ.எம்.ஐ. 15,000, வாடகை 12,000, ஊருக்கு 8,000, வீட்டுச் செலவு 16,000. மிச்சம் 7,000, அதுல 5,000 எஸ்.ஐ.பி. புது இ.எம்.ஐ. 5,127. அதாவது மூணு வருஷ எஸ்.ஐ.பி. அப்படியே கேனபி ஆயிடும். எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுக்கலாமான்னு பார்த்தா, இருந்தது 80,000. வேலை போனா ரெண்டு மாசம் கூடத் தாங்காது.

பேப்பர்ல எழுதினதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசலை. அவர் மனைவிதான் சொன்னாங்க, "மழை பெஞ்சா ரூம் போட்டுக்கலாம். இதுக்குப் போய் ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?"

நல்ல டென்ட் ஒண்ணு வாங்கினார். இந்த வருஷம் ஆடிப்பெருக்கு லீவுல, வல்வில் ஓரி விழா நேரத்துல திரும்பவும் கொல்லிமலை போனாங்க. கூட்டம் அதிகம், மழையும் வந்துச்சு. செம்மேட்டுல 2,000 ரூபாய்க்கு ஒரு ரூம் கிடைச்சுது. ராத்திரி போன் பண்ணி, "போர்வை போர்த்திக்கிட்டு ஜன்னல் வழியா மழை பார்த்துட்டு இருக்கேன். எஸ்.ஐ.பி. ஓடிட்டு இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.

இப்ப உங்க முறை. நீங்க ஆசைப்பட்டு கார்ட்ல போட்டு வச்சிருக்கிற பொருள் எது? வருஷத்துக்கு எத்தனை நடை ஓடும்? எண்ணிப் பார்த்துட்டு கமெண்ட்ல எழுதுங்க. இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன்.

அது வரைக்கும், சம்பாதிக்கிறதைப் பத்திரமா வச்சுக்கோங்க.