சித்தம் தெளிந்து வீடு திரும்புகிறவர்கள்



அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு மனிதனைக் காண்கிறோம். கல்லறைகளே அவனுக்கு வீடு. ஊரார் அவனைப் பல தடவை சங்கிலியாலும் விலங்காலும் கட்டிப் பார்த்தார்கள்; பலன் இல்லை. நமது ஆண்டவர் அவனைக் குணமாக்கினார். ஊரார் வந்தபோது, அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். அதைக் கண்டு அவர்கள் சந்தோஷப்பட்டார்களா? இல்லை, பயந்தார்கள்.

சுகமடைந்தவன் ஆண்டவரோடு படகில் ஏற ஆசைப்பட்டான். அவரோ அவனை அவன் வீட்டாரிடம் அனுப்பி வைத்தார். அவன் வீட்டு வாசலில் நின்றபோது கதவைத் திறந்தது யார்? என்ன சொல்லி வரவேற்றார்கள்? சுவிசேஷம் அதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

1. பசாசா, வியாதியா?

கெரசேனர் நாட்டு மனிதன் பசாசினால் பீடிக்கப்பட்டவன் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. அதைக்கொண்டு, புத்தி தடுமாறுகிற எல்லாரும் அப்படியே என்று எண்ணலாகாது. 1614-ம் ஆண்டில் வெளியான உரோமைச் சடங்கு நூலே, ஒருவனைப் பசாசு பிடித்திருக்கிறதென்று எளிதில் நம்பிவிட வேண்டாம், வியாதியையும் பீடிப்பையும் பிரித்தறிய வேண்டும் என்று குருக்களை எச்சரித்தது. இன்றும் ஆயருடைய தனிப்பட்ட உத்தரவில்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது.

மனச்சிதைவு, கடுமையான மனச்சோர்வு, ஒரு காலம் அளவுகடந்த உற்சாகமும் மறுகாலம் சோர்வுமாக வரும் இருமுனை நோய் ஆகியவை வியாதிகள். சாபமும் அல்ல, வளர்ப்பின் குற்றமும் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனநோயோடு இருப்பது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் பெறாதவர்கள். ஞாயிறு பூசைக்கு நம் கோவிலில் கூடும் கூட்டத்தை மனதில் எண்ணிப் பாருங்கள். இது யாரோ ஒருவருடைய வீட்டுக் காரியம் அல்ல.

செபம் செய்யுங்கள், ஆனால் வைத்தியரைத் தள்ளிவிட்டுச் செபிக்காதீர்கள். கால் முறிந்த பிள்ளைக்கு மாவுக்கட்டும் போடுகிறோம், ஜெபமாலையும் சொல்லுகிறோம் அல்லவா?

2. சங்கிலியால் சுகம் உண்டோ?

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள். நமக்கு அது கர்த்தர் மறுரூபமான திருநாள். அன்று விடியுமுன் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் தப்பியோட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்ல. வேறு வழி தெரியாத தாய் தகப்பன்மாரும் உடன்பிறந்தோருமே.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடுத்துவிட்டது. சமூகத்தோடு சேர்ந்து வாழவும், அரசின் மூலம் வைத்தியம் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டென்றும் அது சொல்லுகிறது. ஆனால் சங்கிலி இரும்பினால் மட்டுமா செய்யப்படுகிறது?

"ஏனுங்கக்கா, பெரிய பையனைக் கண்ணுலயே காணோமுங்களே?"

"அவன் பெங்களூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டானுங்க."

பையன் பெங்களூரில் இல்லை. பின்கட்டு அறையில் இருக்கிறான். தங்கையின் கலியாணம் முடியட்டும் என்று மூன்று வருஷமாய் அவனை வைத்தியரிடம் காட்டவில்லை. இப்படிப்பட்ட பேச்சு நம் தெருக்களுக்குப் புதிதா? அந்தத் தாய் பொய்க்காரி அல்ல. ஊர் வாய்க்குப் பயந்தவள். அந்த வாய் நம்முடையது என்பதை மறவாதிருப்போம்.

3. வீடே மருந்தான ஊர்

பெல்ஜியம் தேசத்தில் கீல் என்றோர் ஊர். மனநோயாளரின் பாதுகாவலியான அர்ச். திம்ப்னாவின் கோவில் அங்கே இருக்கிறது. நடுக்காலத்தில் யாத்திரிகர் தங்கள் வியாதியஸ்தரை அங்கே கொண்டுவந்தார்கள். கோவிலில் இடம் போதாதபோது ஊரார் அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே மேசையில் சாப்பாடு, வயலில் கூடவே வேலை என்று அந்த வழக்கம் பல நூற்றாண்டாய் நிலைத்தது. 1930-ம் ஆண்டுகளின் முடிவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குள்ள குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். இன்று தொகை குறைந்திருந்தாலும் வழக்கம் நின்றுபோகவில்லை.

நம் நாட்டிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல நிலையத்தில், வியாதியஸ்தரோடு வீட்டார் ஒருவர் கூடத் தங்குவது வழக்கம். வியாதி இன்னதென்று வீட்டாருக்குத் தெரிந்தால்தான் ஊர் திரும்பியபின் சுகம் நிலைக்கும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்தவரும், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவருமான டாக்டர் சாரதா மேனன், 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்ப ஆலோசனையும் சேர வேண்டும் என்பது அதன் வழி.

4. வீட்டார் செய்ய வேண்டியவை

முதலாவது, மருந்து. சுகம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்துவதே வியாதி திரும்புவதற்குப் பெரிய காரணம். கை நடுக்கம், தூக்கம், உடல் பருத்தல் முதலிய தொந்தரவு இருந்தால் வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, பேச்சு. ஓயாத குறைகூறலும் கடுமையும் நிறைந்த வீட்டில் மனச்சிதைவு நோய் சீக்கிரம் திரும்புகிறதென்று, லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950-ம் ஆண்டுகளில் தொடங்கிய ஆராய்ச்சி காட்டியது. "தின்னுட்டுத் தூங்கறே" என்ற ஒரு சொல் ஒரு மாத மருந்தைக் கெடுத்துவிடலாம். சோம்பலைப் போல் தோன்றுவது பலசமயம் வியாதியின் மிச்சமே.

மூன்றாவது, வேலை. மாட்டுக்குத் தட்டுப் போடுவது, தறிக்குடோனில் நூல் சுற்றுவது, கடையில் பொட்டலம் மடிப்பது என்று சிறிதாகத் தொடங்கட்டும். வேலைக்கு நியாயமான கூலி கொடுங்கள். பைத்தியக்காரன் என்று சொல்லிக் கூலியைப் பிடிப்பது, வேலையாளின் கூலியை வஞ்சிக்கும் பாவம்.

நான்காவது, விழிப்பு. இரவில் தூக்கமின்மை, குளியாமை, உணவில் சந்தேகம், தனக்குள் பேசுதல் ஆகியவை திரும்பத் தோன்றினால், அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியரைப் பாருங்கள்.

ஐந்தாவது, உயிர்க்காவல். "நான் இருந்து என்ன பிரயோசனம்?" என்று ஒருவர் சொன்னால், அதை விளையாட்டாக எண்ணாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் வராது, பாரம் குறையும். தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாய்ப் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இது நடைபெறுகிறது.

இப்படி ஒருவரை இழந்த குடும்பத்தார் இதை வாசித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடும் மனக்கலக்கம் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவனுடைய இரட்சணியத்தைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் போதிக்கிறது. அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள்.

5. வைத்தியம் எங்கே?

கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறித்த நாட்களில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்திருக்கிறது. இயலாமை 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால் அதற்கான சான்று பெற்று அரசு சலுகைகளுக்கு மனுச் செய்யலாம்.

6. பங்கின் கடமை

1539-ம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துக் கிரனாடா நகரில் ஒரு புத்தக வியாபாரியைப் பைத்தியம் என்று பிடித்து ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அக்கால வைத்தியப்படி அவரைச் சவுக்காலும் அடித்தார்கள். வெளியே வந்தபின் அவர் ஏழை நோயாளிகளுக்குத் தாமே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கி, அன்பினால் பராமரித்தார். அவரே கடவுளின் அர்ச். அருளப்பர். 1690-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்ற அவரை, 1886-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலராக நியமித்தார். அடைபட்டுக் கிடந்தவரே அடைபட்டவர்களுக்குப் பாதுகாவலரானார். ஆகையால் சித்தம் தெளிந்து வருகிறவரைப் பரிதாபத்தோடு மட்டும் பார்க்காதீர்கள். கோவிலில் வாசகம் வாசிக்க, பாடற்குழுவில் பாட, திருவிழாவில் பந்தி பரிமாற அவரையும் அழையுங்கள்.

வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கப் போகும்போது, நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவரோடும் பேசுங்கள். மாதமொருமுறை ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகவும், களைத்துப்போன தாய் பூசை காணும்வரை வீட்டில் இருக்கவும் ஆள் கொடுங்கள். கண்டதை வெளியே சொல்லாதீர்கள்.

இவ்வாரத் தீர்மானம்

நமக்குத் தெரிந்தும் நாம் விசாரியாமல் விட்ட ஒரு வீடு உண்டு. இவ்வாரத்தில் அங்கே போவோம். புத்தி சொல்ல வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "அடுத்த வாரமும் வாறேனுங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். சொன்னபடி அடுத்த வாரமும் போவோம்.

வீட்டாரிடம் போகும்படி ஆண்டவர் அனுப்பியவர் நம் வாசலில் நிற்கிறார். கதவைத் திறப்போமாக.