ஒதுக்கி வைத்தலும் மீட்டெடுத்தலும்

நாள்தோறும் புழங்கும் பாத்திரங்கள் அடுக்களையில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை எடுப்பவை பரணில் இருக்கும். கணினிக்கும் இம்முறை பொருந்தும். பயன்படாத கோப்புகளை வெளியே எடுத்து வைப்பது எளிது. வேண்டியபோது அவற்றை விரைந்து மீட்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

1. தேர்ந்தெடுத்தல்: ஓராண்டாகத் திறக்கப்படாத, ஆனால் அழிக்கக் கூடாத கோப்புகளே இதற்குரியவை. பழைய நிழற்படங்கள், முடிந்த ஆண்டுகளின் கணக்குகள், பத்திரப் படிகள், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகள் ஆகியவற்றைச் சான்றாகக் கூறலாம்.

2. பெயரிடுதல்: "புதியது", "படங்கள்" என்னும் பெயர்கள் பத்தாண்டு கழித்துப் பொருள் தாரா. "2016-05 அண்ணன் மகள் திருமணம்" என ஆண்டை முதலிலும், மாதத்தை இரண்டு இலக்கத்திலும் எழுதுக. கணினி தானே கால வரிசையில் அடுக்கிவிடும்.

3. நகலெடுத்தல்: இரண்டு வன்தட்டுகளில் நகல் எடுக்க வேண்டும், ஒன்று பழுதானாலும் மற்றது உதவும். பென் டிரைவில் செய்தி மின்னூட்டமாக நிற்கிறது. நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அது கசியக்கூடும். சுழலும் வகை வன்தட்டே இப்பணிக்கு ஏற்றது. நகல்களில் சிலவற்றைத் திறந்து பார்த்த பின்னரே கணினியில் உள்ளவற்றை நீக்குக. பிறகு தட்டுகளைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இணைப்பில்லாத தட்டை வைரஸ் அணுகாது. ஒரு தட்டை உறவினர் இல்லத்தில் வைப்பது நன்று.

4. பட்டியலிடுதல்: இதுவே பாடத்தின் உயிர்நாடி. தட்டுகளின் மேல் எண் ஒட்டுக. எந்தத் தட்டில், எந்தக் கோப்புறையில், என்ன இருக்கிறது என்னும் பட்டியல் ஒன்று கணினியிலும், அதன் அச்சுப்படி ஒன்று வீட்டுக் கோப்பிலும் இருக்கட்டும். தட்டை இணைக்காமலே தேடுவதற்கு இது துணைபுரியும்.

5. ஆண்டுச் சோதனை: இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டில் "டூம்ஸ்டே" என்னும் நிலக் கணக்கேடு தொகுக்கப்பட்டது. அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டி லேசர் தட்டுகளில் பதிவு செய்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றைப் படிக்கும் கருவிகள் அரிதாயின. ஆய்வாளர் பெரிதும் முயன்று 2002-இல் மீட்டனர். பழைய தோல் ஏடோ இன்றும் படிக்கும் நிலையில் உள்ளது. செய்தி அழியாவிடினும், படிக்கும் கருவி மறையக்கூடும் என்பதே இதன் படிப்பினை. ஆகவே ஆண்டுக்கொரு முறை தட்டுகளை இணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். பழைய தட்டிலிருந்து புதியதற்கு உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

பயிற்சி: கோப்புகளை அடுக்கியவர் தவிர வீட்டிலுள்ள மற்றொருவரிடம் அச்சுப் பட்டியலையும் தட்டையும் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு படத்தை எடுக்கச் சொல்லுங்கள். எவரையும் கேளாமல் ஐந்து நிமிடத்தில் அவர் எடுத்துவிட்டால் அடுக்கிய முறை சரியானது. இல்லையேல் பட்டியலைத் திருத்துக. அடுக்கியவர் அருகில் இல்லாத நாளிலும் உதவுவதே சேமிப்பு.