ஒட்டிய இடம் விடவில்லை

பத்தாம் வகுப்பில் இரும்பின் வகைகளை நடத்த எனக்கு ஒரு பாடவேளைக்கு மேல் தேவைப்பட்டதில்லை. வார்ப்பிரும்பில் 2 முதல் 4.5 விழுக்காடு கார்பன், எஃகில் 0.25 முதல் 2 விழுக்காடு, தேனிரும்பில் அதற்கும் குறைவு. கரும்பலகையில் ஓர் அட்டவணை, கீழே பயன்கள், அவ்வளவுதான். சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு அந்த அட்டவணை போதவில்லை.

பாலக்கோடு பக்கம் கரும்பு வைத்திருப்பவர்களில் சிலர் சொந்தமாக ஆலை போட்டு வெல்லம் காய்ச்சுகிறார்கள். அவன் வீட்டிலும் அப்படித்தான். பொங்கலுக்கு முந்தைய ஒரு மாதம்தான் அவர்கள் கையில் நாலு காசு நிற்கும் காலம். கரும்போடு ஓர் இரும்புத் துண்டு உள்ளே போய், உருளைகளைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டம் விரிசல் விட்டுவிட்டது. ஊர் வெல்டர் வந்து ஒட்டிவிட்டுப் போனார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு 'டிங்' என்று ஒரு சத்தம். ஆலையை யாரும் ஓட்டவே இல்லை. விடிந்து பார்த்தால் மறுபடியும் விரிசல்.

"ஒட்டின இடம் விடல டீச்சர். அதுக்குப் பக்கத்துல விட்டிருக்கு. ஏன்?"

"வெல்டிங் சரியாப் போட்டிருக்க மாட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். 'டீச்சரே சொல்லிட்டாங்க' என்று அவன் வீட்டில் போய்ச் சொல்ல, கூலி தர மாட்டேன் என்று அவன் அப்பா அந்த வெல்டரிடம் சண்டை போட்டிருக்கிறார். மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. வெட்டிய கரும்பு ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வெல்டிங் பற்றி ஒன்றும் தெரியாது என்பது எனக்குத்தானே தெரியும்!

சனிக்கிழமை தருமபுரியில் ஒரு பட்டறைக்குச் சட்டத்தைக் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். பட்டறைப் பெரியவர் உடைந்த முகத்தில் விரலைத் தேய்த்து என்னிடம் காட்டினார். பென்சில் தூள் போலக் கறுப்பாக ஒட்டியிருந்தது. "எல்லாம் கரி டீச்சரம்மா. அதனாலதான் இது வளையாது, உடையும்." பிறகு கிரைண்டரை வைத்தார். பக்கத்தில் கிடந்த கம்பியிலிருந்து பொறி வெளிச்சமாக நீண்டு பூப்பூவாகச் சிதறியது. சட்டத்திலிருந்து வந்ததோ மங்கிய சிவப்பில், குட்டையாக. வார்ப்பிரும்பு என்று தெரிந்துகொள்ள இது போதும் என்றார்.

அந்தக் கறுப்புத்தூள் கிராஃபைட். சாதாரண வார்ப்பிரும்புக்குள் அது மெல்லிய செதில்களாகக் கிடக்கிறது. தூய இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும்; இவ்வளவு கார்பன் சேர்ந்தால் ஏறத்தாழ 1150 டிகிரியிலேயே உருகி அச்சுக்குள் ஓடும். வார்ப்பதற்கு உதவுகிற அதே கார்பன் ஒட்டுகிறபோது எதிரியாகிறது. ஊர் வெல்டர் சாதாரண எஃகு ராடால் ஒரே மூச்சாக ஒட்டியிருந்தார். ஒட்டு என்னவோ நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் சுற்றியிருந்த கனத்த இரும்பு சூட்டை வேகமாக உறிஞ்சிவிட, ஒட்டை ஒட்டிய பகுதி கண்ணாடிபோலக் கடினமாகிவிட்டது. ஆறும்போது ஒட்டு சுருங்கி இழுத்தது. அந்த இழுப்புக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

எவ்வளவு இழுப்பு? வெப்ப விரிவுப் பாடத்தில் வரும் கணக்கேதான். 10 செ.மீ. நீளம், நீள் விரிவுக் குணகம் டிகிரிக்குச் சுமார் 0.00001, வெப்பநிலை 600 டிகிரி குறைகிறது என்றால் சுருக்கம் 0.6 மி.மீ. மென் எஃகு அந்த நீளத்தில் 20 மி.மீ. கூட நீளும். சாதாரண வார்ப்பிரும்பு 1 மி.மீ. நீளுமுன்பே உடைந்துவிடும். இந்தக் கணக்கை எத்தனை ஆண்டுகளாகப் போட வைத்திருக்கிறேன், ஒரு முறைகூட இப்படி நினைத்ததில்லை.

பெரியவர் செய்த வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டார், அது மேலே ஓடாமலிருக்க. விரிசலை 'வி' வடிவில் கடைந்து, உள்ளே ஊறியிருந்த பழைய எண்ணெயைத் தீயால் எரித்தார். பிறகு நிக்கல் ராடு. விலை அதிகம், ஆனால் அதன் ஒட்டு மெதுவாக இருக்கும், அரம் பிடிக்கும். இரண்டு, மூன்று செ.மீ. மட்டும் ஒட்டுவார், சூடு ஆறுமுன் சுத்தியலால் பொடிப்பொடியாகத் தட்டுவார். சுருங்க நினைப்பதைத் தட்டித் தட்டி விரித்துவிடுகிறார்! கை வைத்தால் தாங்கும் சூடு வந்த பிறகே அடுத்தது, அதுவும் தள்ளி வேறிடத்தில். மாலையாகிவிட்டது. சிறிய பாகம் என்றால் உலையில் முழுதாக மங்கிய சிவப்பு வரும்வரை சூடேற்றி ஒட்டி, இரவு முழுக்கச் சாம்பலில் புதைத்துவிடுவாராம். சிலதை உருக்காமலே வெண்காரம் தூவிப் பித்தளைக் கம்பியால் பற்றவைப்பதும் உண்டாம்.

திங்களன்று வகுப்பில் முதலில் என் பதில் தவறு என்று சொன்னேன். ராடும் முறையும்தான் பொருந்தவில்லை, ஒட்டியவரின் கை சரியாகவே வேலை செய்திருக்கிறது என்றேன். பிறகு ஒரே அளவில் இரண்டு காகிதப் பட்டைகள். ஒன்றில் ஓரத்திலும் நடுவிலும் சிறு கீறல்கள் போட்டு, இரண்டையும் இழுக்கச் சொன்னேன். கீறல் போட்டது சட்டென்று கிழிந்தது. கிராஃபைட் செதில் என்ன செய்கிறது என்பதற்கு வேறு படம் தேவைப்படவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அதான் டீச்சர், சூட்டுப் பணியாரக்கல்லுல பச்சத்தண்ணி ஊத்தினா எங்க பாட்டி திட்டும்" என்றாள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் பட்டறையிலிருந்து ஓர் உடைந்த வார்ப்பிரும்புத் துண்டும் ஒரு கம்பித்துண்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த முகத்தைத் தொட்டுப் பார்ப்பதே பாதிப் பாடம். உடைந்த விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம். வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். அந்த வெளிச்சத்தைச் சில நொடிகள் நேராகப் பார்த்தாலே இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பொறிச் சோதனையைக்கூட நான் வாயால்தான் சொன்னேன்.

ஆலை பொங்கல்வரை ஓடியது. அந்த வெல்டருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை கேட்டேன். முதல் முறை தலையைக் குனிந்துகொண்டான். தை பிறந்து பத்து நாள் கழித்து அவனே வந்து, "குடுத்துட்டாங்க டீச்சர், நானும் கூடப் போனேன்" என்றான்.