உடைவது எது?

அடுத்த வருடம் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கவிருக்கும் தங்கைமாருக்காகவே இதனை எழுதுகிறேன். ஆவர்த்தன அட்டவணை கைக்கு வந்ததும் மூலகங்களின் உருகுநிலை, கொதிநிலைகளை மனப்பாடம் செய்யத் தொடங்குவோர் நிறையப் பேர். அது வீண்வேலை என்பதே என் கருத்து. இலக்கங்கள் இரண்டு நாளில் மறந்துவிடும். 'இங்கே உடைவது எது?' என்று கேட்டுப் பழகினால், இலக்கம் மறந்தாலும் காரணம் மறக்காது.

மூன்றாம் ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். சோடியம் 98 பாகை செல்சியசில் உருகிவிடும். நீர் கொதிக்கும் வெப்பநிலைகூட அதற்குத் தேவையில்லை. மகனீசியத்துக்கு 650, அலுமினியத்துக்கு 660. மூன்றும் உலோகங்கள். அணுக்கள் தமது வெளியோட்டு இலத்திரன்களைப் பொதுவில் விட்டுவிட்டு, அந்த இலத்திரன் கடலினுள் கற்றயன்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சோடியம் கொடுப்பது ஓர் இலத்திரன், மகனீசியம் இரண்டு, அலுமினியம் மூன்று. கொடுப்பது கூடக்கூடப் பிணைப்பும் வலுக்கும்.

அப்படியானால் மகனீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே வெறும் 10 பாகை வித்தியாசம் ஏன்? இதைக் கேட்காமல் கடந்து போகாதீர்கள். கொதிநிலைகளைப் பாருங்கள்: மகனீசியத்துக்கு 1090, அலுமினியத்துக்கோ ஏறத்தாழ 2500! உருகும்போது உலோகப் பிணைப்பு முழுவதும் அறுவதில்லை. ஒழுங்கான சாலகம் குலைந்து, அணுக்கள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்லுமளவுக்குத் தளர்கிறது, அவ்வளவுதான். எனவே அடுக்கப்பட்ட விதமும் உருகுநிலையைப் பாதிக்கும். இவ்விரண்டின் அடுக்குமுறையும் வேறு வேறு. கொதிக்கும்போதுதான் அணுக்கள் முற்றாகப் பிரிகின்றன. ஆகவே உலோகப் பிணைப்பின் வலிமைக்குக் கொதிநிலையே நல்ல சாட்சி. கலியம் என்ற உலோகம் 30 பாகைக்குச் சற்றுக் கீழே, எமது நாட்டுப் பகல் வெயிலிலேயே உருகிவிடும். ஆனால் அதைக் கொதிக்க வைக்க 2000 பாகைக்கு மேல் வேண்டும்.

சிலிக்கனில் இலத்திரன் கடல் இல்லை. ஒவ்வோர் அணுவும் அயலிலுள்ள நான்கு அணுக்களுடன் பங்கீட்டு வலுப்பிணைப்பால் இணைந்த பெருஞ் சாலகம் அது. உருகுவதற்கு அந்தப் பிணைப்புகளே உடைய வேண்டும். அதனால்தான் 1414.

அதற்கடுத்துப் பெரும் சரிவு. வெண்பொசுபரசு 44, கந்தகம் 115, குளோரீன் −101, ஆகன் −189. பரீட்சையில் பலர் சறுக்குவது இங்கேதான். 'குளோரீனின் பங்கீட்டு வலுப்பிணைப்பு வலிமை குறைந்தது' என்று எழுதிவிடுவார்கள். பிழை. உருகிக் கொதித்து வாயுவான பின்னரும் குளோரீன் அணுக்கள் சோடியாகவே இருக்கின்றன. விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான மென்மையான கவர்ச்சி மாத்திரமே. பொசுபரசு மூலக்கூறில் நான்கு அணுக்கள், கந்தகத்தில் எட்டு. பெரிய மூலக்கூறில் இலத்திரன்கள் அதிகம், கவர்ச்சியும் அதிகம். ஆகனோ தனித்த அணு.

உறைநிலை என்று வேறோர் இலக்கத்தைத் தேட வேண்டாம். தூய மூலகமொன்றின் உருகுநிலையைக் குளிரும் பக்கமிருந்து பார்த்தால் அதுவே உறைநிலை.

'இதெல்லாம் வீட்டுக்கு எதற்கு?' என்று கேட்கும் உம்மாமாருக்கும் ஒரு விடயம். மூத்தம்மாமார் பாதுகாத்து வைத்த செப்புப் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசுவார்கள் அல்லவா? பெயர்தான் ஈயம், பூச வேண்டியது வெள்ளீயம். ஈயம் நஞ்சு, ஆகவே பூசக் கொடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகும், 2600 அளவில்தான் கொதிக்கும். செம்பு உருக 1085 வேண்டும். இதனால் பாத்திரத்தைச் சூடாக்கித் தேய்க்கும்போது செம்புக்கு ஒன்றும் ஆகாது, வெள்ளீயமும் ஆவியாகாமல் மெல்லிய படையாகப் பரவி ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அதே 232 நமது அடுப்பிலும் வந்துவிடலாம். கறியில் நீர் இருக்கும்வரை பாத்திரம் 100 பாகையை அண்டியே நிற்கும். வெறும் பாத்திரத்தை நெருப்பில் மறந்துவிட்டால் பூச்சு உருகி வழியத் தொடங்கும். பொரிக்கும் எண்ணெயின் சூடு 180 அளவில் இருப்பதால், அதிலிருந்து 232 அதிக தூரமில்லை. பொரியலுக்கு வேறு சட்டியை எடுங்கள்.