கி. பி. 79: ஓர் ஆண்டின் வரலாறு

எம்மூராகிய சேவுகம்பட்டியில் முதியோரை நோக்கி, அவர்தம் பாட்டனார் எக்காலத்தவர் என வினவின், “தாது வருஷப் பஞ்சத்திற்குப் பிந்தியவர்” என்பது போலவே விடை பகர்வர். 1876-இல் தொடங்கிய அத்தாது, 1936-இலும் 1996-இலும் பெயரளவில் மீண்டும் வந்தது. பஞ்சம் நினைவில் நின்றது. தொடர்ந்த ஆண்டுக் கணக்கு நின்றிலது. இக்குறை எத்துணைப் பெரிதென்பதை அறியப் பண்டைக்காலத்து ஓர் ஆண்டை ஈண்டு நோக்குவோம்.

கி. பி. 79-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உரோமச் சக்கரவர்த்தி வெஸ்பேசியன் இறந்தான். அவன் மைந்தன் டைட்டஸ் அரியணை ஏறினான். கீழ்த்திசையில், சீனப் பேரரசன் ஜாங் புலவரைக் கூட்டிப் பழநூற் பொருளை ஆராய்வித்தான். பின்னர் ஹே என்னும் பெயரால் ஆண்ட அவன் மகனும் அவ்வாண்டே பிறந்தான். அவ்வாண்டிலேயே இத்தாலியில் வெசூவியஸ் மலை தீயுமிழ்ந்து பொம்பேயி நகரைப் புதைத்தது.

அவ்வழிவில் அகப்பட்டோரைக் காக்கக் கப்பலிற் சென்று உயிர்நீத்தவர், கடற்படைத் தலைவராகிய மூத்த பிளினி என்பார். அவர் இயற்றிய இயற்கை வரலாறு 37 பகுதிகளையுடையது. உள்நாட்டு நகராகிய மதுரையிற் பாண்டியன் வாழ்ந்தான் என்பதும், கருமிளகு இறாத்தல் ஒன்று 4 தெனாரியம் விலைபெற்றது என்பதும் அந்நூலால் அறிகின்றோம். பொம்பேயியின் சாம்பலுள் 1938-இல் இந்தியத் தந்தப் பாவை ஒன்றும் கிடைத்தது.

பிளினி மாண்ட ஆண்டை அறிவோம். அவர் குறித்த பாண்டியன் எவன், என்று பிறந்தான், என்று மாண்டான் என்பவற்றை அறியோம். எம்மூரினின்று ஒரு பகலிற் சென்று மீளத்தக்க மதுரையின் வேந்தனுக்கே இந்நிலை! நம் முன்னோர் எழுத்தறியாதவரல்லர். மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் உண்டு; ஆண்டு இல்லை. சங்கச் செய்யுட்கள் பாண்டியரின் கொடையையும் போரையும் பாடின, ஆண்டு குறித்தில.

பிளினியின் மரணத்தை விரித்துரைத்தவர் அவருடைய தங்கை மகனார். அன்று அவருக்கு வயது 17. மாமன் உடன் அழைத்தும் பாடங் கற்க வேண்டுமென வீட்டிலேயே தங்கினார். பல்லாண்டு கழித்து, வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்க, கண்டவற்றையும் கேட்டவற்றையும் இரு கடிதங்களாக எழுதினார். கற்கும் இளைஞர் ஒருவரே அவ்வரலாற்றிற்குச் சான்றாயினார்.

மாணவ நண்பர்காள்! அவ்விளைஞரினும் நாம் வயதிற் குறைந்தவரல்லேம். விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் முதியோர் கூறுவனவற்றைக் கேட்டு, ஆண்டு ஆராய்ந்து எழுதி வைப்போமாக. இன்று நாம் எழுதாதொழியின், நாளை நம் ஊர்க்கும் பாண்டியன் நிலையே நேரும்.